தடுக்காதீர்கள், நடக்கட்டும்

கேள்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கும் என் மகள், மாலையானால் 'போக்கிமான் கோ' விளையாடிக்கொண்டே சேப்பாக்கம் வளாகத்தைச் சுற்றுகிறாளாம். தடுக்கலாமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. நாம் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். வழியே அறிந்து நகரும் செல்போன் விளையாட்டு அது. அதில் கிடைக்கும் ஒரு முட்டை பொரிந்து போக்கிமான் என்ற கற்பனை உயிரினம் வெளிவரவே 2, 5, 10 கிலோமீட்டர் என்று நடக்க வேண்டும். அண்ணன் மகனோடு நானும் அங்கே சுற்றியிருக்கிறேன். அங்கே படித்த இரண்டு வருடமும் வகுப்பு, நூலகம், பஸ் என்று ஓடிய எனக்கு, பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை நின்று பார்க்க அன்றுதான் வாய்த்தது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிந்த கட்டடம். அந்தத் தூண்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டே போனை மறந்துவிட்டேன்! சரி, ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: காமராஜர் சாலையைக் கடக்கும்போது போன் பைக்குள் இருக்க வேண்டும்.