கையைத் தூக்கினால் சட்டையும் ஏறுகிறதா? கைக்குழியில் கத்திரி வைக்காதீர்கள்

கேள்வி: வீட்டில் போட்டுக்கொள்ள எனக்கு நானே காட்டன் துணியில் ஒரு முழுக்கை டாப்ஸ் தைத்தேன். கடையில் வாங்கிய பழைய டாப்ஸைத் துணிமேல் விரித்து, அதைச் சுற்றி வரைந்து வெட்டினேன். என் மார்பளவு 36 இன்ச், டாப்ஸ் 42. மேற்கை சுற்றளவு 12, டாப்ஸின் கை 13. உடம்பில் தொளதொள என்றுதான் இருக்கிறது. ஆனால் மேல்தட்டில் இருக்கும் எதையாவது எடுக்கப் போனால் டாப்ஸ் மொத்தமும் மேலே ஏறுகிறது, கைச்சதையைப் பிடிக்கிறது. ஒருமுறை துவைத்த பிறகு இன்னும் மோசம். கைக்குழி, அதாவது கையைச் சேர்த்துத் தைக்கும் துளை, 9 இன்ச் ஆழம் இருக்கிறது, அதை 10 ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார் துணி விற்றவர். மிஷினை மாற்று, பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான காகித வரைபடம்) வகுப்பில் சேர் என்று இன்னொருவர். மிச்சத் துணியும் என்னிடம் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் கத்திரியைக் கீழே வையுங்கள். 10 இன்ச் ஆக்கினால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

இறுக்கிப் பிடிக்கிறது என்றால் துளை போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆர்ம்ஹோல் என்று சொல்கிற இந்தக் கைக்குழியில் விஷயம் தலைகீழ். இப்போது போட்டிருக்கும் சட்டையிலேயே சோதித்துப் பாருங்கள். அக்குளுக்குக் கீழே இரண்டு இன்ச் தள்ளி, கைத்துணியையும் உடம்புத் துணியையும் சேர்த்து ஒரு ஊக்கு குத்துங்கள். இப்போது கையைத் தூக்குங்கள். ஊக்கு இருக்கும் இடம் விலாவோடு சட்டையைக் கட்டிப்போட்டது மாதிரி இழுக்கும். கைக்குழியை ஆழமாக வெட்டும்போது நீங்கள் செய்வது இதைத்தான். கையும் உடம்பும் சேரும் இடம் அக்குளைவிட்டுக் கீழே போகப் போக, கையைத் தூக்க வேண்டுமானால் பக்கத்துணி முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. அந்த இடம் அக்குளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கை மட்டும் போகும், சட்டை நின்ற இடத்தில் நிற்கும்.

அப்படியானால் கடை டாப்ஸில் ஏன் கைக்குழி அவ்வளவு ஆழம்? ஒரே வெட்டில் பலவித உடம்புகளைச் சமாளிப்பதற்காக. ஆழமாக வெட்டிவிட்டால் தோள் அகலமானவர், கை பருத்தவர் எல்லோருக்கும் எப்படியோ உள்ளே நுழையும். போட்டுப் பார்க்கும் அறையில் கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடி பார்ப்போம், நன்றாகத்தான் இருக்கும். தொந்தரவு வீட்டுக்கு வந்துதான் தெரியும். எம், எல் என்று அதில் ஒட்டியிருப்பதை அளவு என்று நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்காவில் 1939-40ல் அரசாங்கமே சுமார் 15,000 பெண்களை அளந்து, அதை வைத்து 1958ல் ஒரு பொது அளவு முறை கொண்டுவந்தார்கள். யாரும் அதை ஒழுங்காகப் பின்பற்றாமல் 1983ல் அதையும் கைவிட்டாயிற்று. அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனிக்கும் அவரவர் மனசில் தோன்றியதுதான் எம். அவர்களுடைய வசதிக்கு வெட்டிய சட்டையை நகலெடுத்தால் அந்தக் கோளாறும் சேர்ந்துதான் வரும். உங்களுக்கு நடந்தது அதுதான், உங்கள் தையலில் குற்றம் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மார்பில் 6 இன்ச் லூஸ், கையில் ஒரே ஒரு இன்ச். மார்பை அளக்கிற அக்கறையில் பாதிகூடக் கையை அளப்பதில் யாரும் காட்டுவதில்லை. இழுபடாத துணியில் மேற்கைக்குக் குறைந்தது 2 இன்ச் லூஸ் வேண்டும், வீட்டு உடுப்புக்கு 3 இருந்தால் நல்லது.

சரி, தைத்ததைக் காப்பாற்ற வழி உண்டு. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைக்க வேண்டும். பழைய காலத்துச் சட்டைகளில் இது சாதாரணமாக இருந்தது. துணி மிச்சப்படுத்தத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

டாப்ஸை உள்பக்கம் திருப்புங்கள். அக்குளில் நான்கு தையல்கள் கூடும் புள்ளி இருக்கும். அதிலிருந்து பக்கத்தையலைக் கீழே 3 இன்ச் பிரியுங்கள், கையின் அடித்தையலையும் 3 இன்ச் பிரியுங்கள். கைக்குழியைச் சுற்றி வரும் தையலைத் தொடாதீர்கள். பிரித்த இடத்தை விரித்தால் நான்கு பக்கமும் 3 இன்ச் உள்ள ஒரு வாய் திறக்கும். தையலுக்கு எல்லாப் பக்கமும் அரை இன்ச் சேர்த்து, 4 இன்ச் சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். கரைக்கு இணையாக, நேர் இழையிலேயே வெட்டுங்கள். பொருத்தும்போது அது மூலை திரும்பி, டைமன் மாதிரி உட்காரும். அப்போது துணியின் கிராஸ் திசை, அதாவது இழைக்குச் சாய்வான திசை, கையின் அசைவோடு வரும், இழுத்தால் சற்றுக் கொடுக்கும்.

சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் அரை இன்ச் உள்ளே தள்ளி சாக்கட்டியால் ஒரு புள்ளி வையுங்கள். எதிரெதிரான இரண்டு மூலைகள், நீங்கள் பிரித்து நிறுத்திய இரண்டு முனைகளுக்கு. மற்ற இரண்டும் கைக்குழித் தையலுக்கு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முதலில் கையால் நூலோட்டி, போட்டுப் பார்த்து, அப்புறம் மிஷினில் வையுங்கள். புள்ளியிலிருந்து புள்ளிவரை மட்டும் தையுங்கள். ஓரம்வரை ஓட்டிவிட்டால் மூலையில் சுருக்கம் விழும், எவ்வளவு அயர்ன் செய்தாலும் போகாது. நான்கு பக்கத்தையும் தனித்தனியாகத் தைப்பது சுலபம். ஒரே மூச்சில் சுற்றி வர நினைத்துத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த டாப்ஸுக்குக் கடைச் சட்டையை விரித்து வரையாதீர்கள். ஒரு ஸ்கேலை அக்குளில் படுக்கைவாக்கில் இடுக்கிக்கொண்டு, தோள் முனையிலிருந்து ஸ்கேல்வரை நேர்கீழாக அளக்கச் சொல்லுங்கள். அதோடு ஒரு இன்ச், அவ்வளவுதான் கைக்குழி ஆழம். கையை அகலமாக வெட்டும்போது, தோளில் சேரும் மேல்வளைவின் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 5 இன்ச் இருந்தால் 3½ ஆக்கலாம். வளைவின் நீளமும் கைக்குழிச் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்று டேப்பை நிமிர்த்திப் பிடித்து அளந்து பாருங்கள். கையைத் தொங்கவிட்டால் அக்குளில் இரண்டு மடிப்பு விழும். விழட்டும், கை அசைய வேண்டிய துணி அதுதான்.

இப்போது துவைத்த கதைக்கு வருவோம். எனக்குப் பொறுமை போகிற இடம் இது. ‘இது ஏற்கெனவே சுருங்கிய துணி, நனைக்கவே வேண்டாம்’ என்று சொல்லாத துணி வியாபாரியை நான் பார்த்ததில்லை. ஒருமுறை நானே நம்பி, நனைக்காமல் வெட்டி, ஒரே துவையலில் நான்கு பேன்ட்டுகளைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றியிருக்கிறேன். காட்டன் துணி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், நெருக்கமில்லாத நெசவு என்றால் இன்னும் கூடும். குறுக்கைவிடப் பொதுவாக நெடுக்கில்தான் அதிகம். 28 இன்ச் நீளச் சட்டை 5 சதவீதத்தில் ஒன்றரை இன்ச்சுக்குக் கிட்டத்தட்டக் குறைந்துவிடும். உங்கள் 13 இன்ச் கை 3 சதவீதம் சுருங்கினாலே, இருந்த ஒரு இன்ச் லூஸில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே மிஞ்சும். பிடிக்காமல் என்ன செய்யும்? தைத்த பிறகு உடுப்பை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைத்து அயர்ன் செய்யுங்கள். சும்மா தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாது.

இதில் ரேயான் மட்டும் தனி. விஸ்கோஸ் என்பதும் அதுதான். கடையில் இதை ‘சாஃப்ட் காட்டன்’ என்று தலையில் கட்டுகிறார்கள். நூலை எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரித்துப் பார்ப்பது பாலியெஸ்டரைப் பிடிக்க உதவும், அது உருகிக் கெட்டி மணியாக உறையும். காட்டனும் ரேயானும் அடிப்படையில் ஒரே செல்லுலோஸ், இரண்டும் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், வித்தியாசமே தெரியாது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் மட்டும் நனைத்து, இரண்டு முனையையும் பிடித்து இழுங்கள். ரேயான் நனைந்த இடத்தில் சுலபமாக அறுந்துவிடும், ஏனென்றால் ஈரத்தில் அதன் பலம் சுமார் பாதியாகக் குறைகிறது. காட்டன் ஈரத்தில் இன்னும் பலமாகும், நனைந்த இடத்தில் அவ்வளவு லேசில் விடாது.

ரேயான் என்று தெரிந்தால் ஒதுக்கிவிட வேண்டாம், வியர்வைக்கு நல்ல துணிதான். ஆனால் காட்டனைவிட அதிகம் சுருங்கும், ஆகவே வெட்டுமுன் இரண்டு தடவை துவையுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள். மேசையில் வழுக்கும், ஒரு பழைய போர்வையை விரித்து அதன்மேல் வைத்து வெட்டினால் நகராது. தைத்து முடித்ததும் அடியை மடித்துவிடாமல் ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கிராஸாக வெட்டிய இடமெல்லாம் கீழே இறங்கியிருக்கும். அதைச் சமமாக வெட்டிய பிறகு அடி மடியுங்கள். அக்குள் சதுரத்தையும் ரேயானில் வைப்பதானால் இரட்டைத் துணியாக வையுங்கள். வியர்வையில் நனைந்து நனைந்து முதலில் கிழியும் இடம் அதுதான்.

மிஷினை மாற்றச் சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார்? உங்கள் தையல் விடவில்லை, நூல் அறுபடவில்லை. நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் போடும் மிஷின் வீட்டு உடுப்புக்குப் போதும். நூறு டிசைன் உள்ள மிஷினில் நானும் அந்த இரண்டைத்தான் போடுகிறேன். ஊசியை மட்டும் மாற்றுங்கள்: மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர், நடுத்தரத்துக்கு 14ஆம் நம்பர்.

பேட்டர்ன் வகுப்பும் இப்போது வேண்டாம். பேட்டர்னை வாங்குவதானால், தைத்து முடித்த உடுப்பின் அளவு, முக்கியமாக மேற்கை அளவு, அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படம் எத்தனை அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்தப் படத்தில் இருப்பதை யாரும் தைத்தே பார்த்திராத கேஸ்களும் உண்டு. பேட்டர்னைப் பிரின்ட் எடுத்தால், அளவு சரியா என்று பார்க்க அதில் போட்டிருக்கும் சோதனைச் சதுரத்தை முதலில் அளவுகோல் வைத்து அளங்கள். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் பேட்டர்ன் முழுக்கச் சத்தமில்லாமல் சிறுத்துவிடும்.

மிச்சத் துணி இல்லை என்றீர்கள். டாப்ஸில் பாக்கெட் இருந்தால் அதைப் பிரித்து எடுத்தாலே இரண்டு சதுரம் கிடைக்கலாம். இல்லையென்றால் அதே கனமுள்ள வேறு துணியைத் துவைத்துவிட்டு வையுங்கள். நிறம் பொருந்தவில்லை என்று அலைய வேண்டாம், நன்றாக எடுப்பான நிறமாகவே வைத்து, கழுத்துக்கும் அதே துணியில் ஒரு பட்டி கொடுத்துவிட்டால், வேண்டுமென்றே வைத்தது மாதிரிதான் இருக்கும்.