மியூசிக் டைரக்டர் ஆகணும் என்கிற மகன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை நீங்கள் உங்கள் மகனோடு வந்து போனதிலிருந்து அவன் நினைப்பாகவே இருக்கிறது. பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து வைத்து, "கோடியில ஒருத்தருக்குத்தானே சார் அந்த மியூசிக் டைரக்டர் இடம் கிடைக்கும்?" என்று கேட்டீர்கள். நீங்கள் பேசும்போது அவன் விரல்கள் மேசை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். கொஞ்ச நேரத்தில் கால் ஆரம்பித்துவிட்டது.

டைட்டிலில் 'இசை' என்று தனியாகப் பெயர் வருவது மிகச் சிலருக்குத்தான். அதில் உங்கள் பயம் நியாயம். ஆனால் அந்த நாற்காலியைச் சுற்றி இன்னும் பல நாற்காலிகள் இருக்கின்றன. கீபோர்டு வாசிப்பவர், கம்ப்யூட்டரில் இசையைக் கோக்கும் புரோகிராமர், எந்த வாத்தியம் எங்கே வரும் என்று அமைக்கும் அரேஞ்சர், ரெக்கார்டிங் இன்ஜினியர், பதிவான ஒலிகளை அளவாகக் கலந்து மிக்ஸிங் பார்ப்பவர் என்று பலர் அவற்றில் உட்கார்ந்து குடும்பம் நடத்துகிறார்கள். பெரிய பெயர்கள் பலவும் அங்கிருந்து எழுந்து வந்தவைதான்.

பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1976-இல் முதல் படமான அன்னக்கிளி வந்தபோது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். ரஹ்மானுக்கு ஒன்பது வயதில் அப்பா தவறிவிட்டார். அப்பா வைத்துவிட்டுப் போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு ஓடியது. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மற்றவர்கள் குழுவில் கீபோர்டு வாசித்தார், அப்புறம் விளம்பரங்களுக்கு இசை போட்டார். 1992-இல் ரோஜா. ஹாரிஸ் ஜெயராஜும் முதல் படத்துக்கு முன் மற்ற இசையமைப்பாளர்களுக்குப் புரோகிராமிங் செய்தவர். சந்தோஷ் நாராயணன் இன்ஜினியரிங் படித்து, ரெக்கார்டிங் இன்ஜினியராக வேலை பார்த்துவிட்டு வந்தவர். அதனால் "ஆவானா, மாட்டானா" என்று இப்போதே கேட்காதீர்கள். இருபத்தைந்து வயதில் இசையில் ஏதாவது ஒரு வேலை பார்த்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வானா என்று கேளுங்கள். அதற்கு நாம் இன்றே திட்டம் போடலாம்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று தம்பிக்குத் தெரிய வேண்டும். அவன் பேச்சில் பாட்டு மட்டும்தான் வருகிறது. படத்துக்கு ஐந்து பாட்டு இருக்கலாம். பின்னணி இசையோ ஒரு மணி நேரத்தைத் தாண்டும். என்னிடம் முன்பு ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் இப்போது புரோகிராமர். ஒருநாள் இரவு அவனோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு எடிட்டிங்கிலிருந்து போன்: ஆஸ்பத்திரிக் காட்சியின் ஆரம்பத்தில் ஏழு நொடி வெட்டியாயிற்று. அம்மா கதவைத் திறக்கும் அதே ஃபிரேமில் எழ வேண்டிய வயலின், இப்போது அவள் கட்டிலருகே போன பிறகு எழுகிறது. பையன் இசையில் இரண்டு பார், அதாவது இரண்டு தாளச் சுற்று, எடுத்தான், டெம்போவை (வேகத்தை) மாற்றினான், வயலினைக் கதவுக்கு நேராகக் கொண்டுவர இரவு ஒரு மணி ஆகிவிட்டது. டைரக்டர் கேட்டுவிட்டு, "வயலினே வேண்டாம், கதவுச் சத்தம் மட்டும் போதும்" என்றார். பையன் அந்த டிராக்கை மியூட் செய்து, திரும்பப் போட்டுக் காட்டினான். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. காட்சி உண்மையிலேயே நன்றாக வந்தது.

தம்பிக்கு இது வருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஏதாவது ஒரு படத்தில் இரண்டு நிமிடக் காட்சியைச் சத்தமில்லாமல் எடுத்து, அதற்கு இசை போடச் சொல்லுங்கள். முடித்ததும் நீங்கள் குறை சொல்லுங்கள், வேறு மாதிரி கேளுங்கள். மூன்று முறை. மூன்றாவது முறையும் ஆர்வத்தோடு உட்காருகிறானா என்று கவனியுங்கள்.

படிப்பு விஷயத்தில் என் யோசனை இது. டிகிரியை விட வேண்டாம். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஸ்டூடியோ வேலைக்கு நேராகக் கொண்டுபோய் விடும். அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறில் இருக்கின்றன. கட்டணம் குறைவு, கர்நாடக இசை அடித்தளம் பலமாகும். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் உண்டு, செலவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்கே சேர்ந்தாலும் பியானோவில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளை ஒவ்வொன்றாக முடிக்கட்டும். நோட்டேஷன், அதாவது தாளில் எழுதிய இசைக் குறிப்பு, படிக்கத் தெரிந்தவனை ரெக்கார்டிங்கில் யாரும் காத்திருக்க வைக்க மாட்டார்கள்.

கருவிகளுக்காக நகையை அடகு வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு லேப்டாப், அதோடு இணைக்கிற சின்ன மிடி கீபோர்டு, நல்ல ஹெட்போன் இருந்தால் இரண்டு வருடம் தாராளமாக ஓடும்.

பணத்தைப் பற்றி அவனுக்கு இப்போதே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். சின்னப் படங்களில் மொத்தமாக ஒரு தொகை பேசுவார்கள். பாடகர், வாத்தியக்காரர், ஸ்டூடியோ எல்லாம் அதற்குள்ளேயே. கணக்குப் போடத் தெரியாவிட்டால் கடைசியில் கைக்காசு போகும். இன்னொன்று, 2012-இல் காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சமபங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் செல்லாது. முதல் பாட்டு வெளியானதுமே ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேரட்டும்.

அடுத்த முறை மார்க் ஷீட் வேண்டாம் அம்மா. அந்த மூன்று முயற்சிகளையும் பென்டிரைவில் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு வாரமாக அவனிடம் பேசாமல் இருக்கும் அவன் அப்பாவையும் எப்படியாவது அழைத்து வாருங்கள். அவரும் கூட உட்கார்ந்து கேட்கட்டும்.