விவசாயப் பயிற்சி கொடுத்தா மலைக் கிராமத்து ஏழைக் குடும்பங்க முன்னேறிடுமா?

எங்க வீட்டுக் கதைய வச்சே சொல்றேன். ஊரு தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழனி மலை. ரெண்டு ஏக்கர்ல காப்பி, நடுவுல மலைவாழை, சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆடி மாசம் ஸ்கூல் செலவுக்குக் கையில காசு இருக்காது, அப்போ பார்த்து யாவாரி வந்து அட்வான்ஸ் குடுப்பாரு, வாங்கிட்டா மார்கழில காப்பிப் பழம் அவருக்குத்தான், அவரு சொல்றதுதான் வெல.

முதல்ல ஒரு பயிற்சி நடந்துச்சு. மண்டபம், நோட்டு, பேனா, மத்தியானம் சாப்பாடு. பட்டாவுல பேர் இருக்கறவங்களத்தான் கூப்பிட்டாங்க, அதனால அப்பா போனாரு. ஆனா பழம் பறிக்கிறதெல்லாம் அம்மாதான். அப்பா திரும்பி வந்து சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு சொன்னாரு, அவ்ளோதான் (அந்த நோட்டுல நான் கணக்கு போட்டேன்).

ரெண்டாவது தடவ ஒருத்தர் தோட்டத்துக்கே வந்தாரு. வாழையப் பார்த்ததுமே முடிக்கொத்து நோய்னுட்டாரு. எல சின்னதாகி உச்சியில கொத்தா நிக்கும், தார் ஒழுங்கா வராது. அசுவினிங்கற சின்னப் பூச்சி பரப்பும், நோய் வந்த மரத்தோட பக்கக் கன்ன எடுத்து நட்டாலும் பரவும். நாங்க சொந்தக்காரர் தோட்டத்துல இருந்து கன்னு ஓசியில வாங்கி நட்டிருந்தோம், கூடவே நோயும் ஓசியில வந்துருக்கு. அசுவினிக்கு மருந்தடிச்சுட்டு கிழங்கோட தோண்டி எடுத்து அழிச்சோம், அப்புறம் லேப்ல வளர்த்த டிஷ்யூ கல்ச்சர் கன்னு வச்சோம்.

ஆனா பெரிய விஷயம் காப்பிலதான். பறிச்ச பழம் ஒரு நாள் கிடந்தாலே புளிக்க ஆரம்பிச்சிரும், அதனால அன்னைக்கே கேக்குற வெலைக்குத் தள்ளிவிடணும். அதையே பழுத்தத மட்டும் பறிச்சு, அன்னைக்கே பல்பர்ங்கற மெஷின்ல தோல் நீக்கி, ராத்திரி ஊறவச்சு, வழவழப்பு போகக் கழுவி, தரையில போடாம வலையில காயவச்சா மாசக்கணக்கா வச்சிருந்து காப்பி யாவாரம் நடக்குற பட்டிவீரன்பட்டிக்குக் கொண்டுபோய் விக்கலாம். இத அம்மாவுக்கு ரெண்டே நாள்ல கத்துக்குடுத்தாரு. கத்துக்கிட்டு என்ன பண்ண, அட்வான்ஸ் கடன் நிக்குதே! மகளிர் குழுவுல லோன் எடுத்து அதை அடைச்ச பிறகுதான் கத்துக்கிட்டத செய்யவே முடிஞ்சுது. பல்பர் எங்களோட சேர்த்து ஏழு வீட்டுக்குப் பொது, அதுக்கு வருஷா வருஷம் ஒரு சண்ட, அது தனிக்கதை.

பணக்காரங்க ஆயிட்டோமான்னா இல்ல. காட்டு மாடு வரும், ஒரே மழையில பூ கொட்டிரும். ஆனா ஆடில யாவாரிய எதிர்பார்த்து நிக்கிறதில்ல.

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. எங்ககிட்ட பழம் பறிக்க வர்ற குடும்பத்துக்கு சொந்த நிலமே கிடையாது, எந்தப் பயிற்சிக்கும் அவங்கள யாரும் கூப்பிட்டதில்ல. கிலோ கணக்குல கூலி வாங்குறவங்க. பழுத்தத மட்டும் பறிங்கன்னு நாங்க சொன்னதும் அவங்களுக்கு எடை பாதியாயிருச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் அம்மாவுக்கே இது உறைச்சு, அந்த வாரமே நாள் கூலியா மாத்திட்டாங்க.