ஏற்றத்தில் யாருக்கு அதிகக் கஷ்டம்: டீசலுக்கா, பெட்ரோலுக்கா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ரொம்ப வருடமாக டீசல் வண்டி பிரித்துச் சரிபண்ணுகிற மெக்கானிக் நான். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். (இங்கே பிக்கப்புக்குப் பெயர் ‘பக்கி’. ஊர்ப்பக்கம் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம்.)

அண்ணே, டர்பனிலிருந்து ஜோபர்க்குக்கு (ஜோகன்னஸ்பர்க்) டிரெய்லர் இழுக்கிறோம். வான் ரீனன் கணவாயில் என் 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி 2,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றுகிற கணக்கு) சும்மா போகிறது. மச்சானின் 2.7 பெட்ரோல் ஹைலக்ஸ் 4,000-இல் கத்துகிறது. அவன் எஞ்சின் சீக்கிரம் போய்விடுமா?

சத்தத்தை வைத்து முடிவு கட்டாதீங்க தம்பி. அந்த ஏற்றத்துக்கு 80 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை 2,000 ஆர்பிஎம்மில் எடுக்க 382 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) வேண்டும், 4,000-இல் எடுத்தால் 191 போதும். உங்கள் ஆட்டோமேட்டிக் அதிகபட்சம் 500 தரும், அவருடையது 245. ஆக, ரெண்டு வண்டியும் தன் பலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத்தான் செலவழிக்கிறது. அடி விழுகிற இடம்தான் வேறு.

டீசலில் அடி அழுத்தத்தில் விழுகிறது. முழு லோடில் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 150, 180 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) என்று போகும், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற கருவி) இல்லாத பெட்ரோலில் அதில் பாதியே பெரிய விஷயம். அதனால்தான் டீசலின் கனெக்டிங் ராடை, அதாவது பிஸ்டனைத் தாங்குகிற தண்டை, கையில் எடுத்தால் உலக்கை மாதிரி கனக்கிறது. பெட்ரோலுக்கு அடி வேகத்தில். ஆர்பிஎம் இரட்டிப்பானால் பிஸ்டன் ராடை இழுக்கிற விசை நாலு மடங்கு, ஆனால் அதன் பிஸ்டன் லேசானது, அந்த ஓட்டத்துக்கென்றே செய்தது.

மச்சானுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கணவாய் 1,600 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்துவிடும், அவருடைய 245 அங்கே 200 பக்கம் இறங்கிவிடும். தேவை 191. மிதியைத் தரையோடு அழுத்தித்தான் ஆக வேண்டும். உங்கள் டர்போ கொஞ்சம் வேகமாகச் சுற்றிக் குறையைச் சரிக்கட்டிவிடும். டெம்பரேச்சர் முள் நகராதவரை, ஆயில் சரியாக இருக்கிறவரை, அவர் கத்திக்கொண்டே போகட்டும்.

அப்போ டர்போ பெட்ரோல் வாங்கினால் ரெண்டு நன்மையும் கிடைக்குமா?

கிடைக்கும், கூடவே சூடும் கிடைக்கும். டர்போ பெட்ரோலில் புகைக்காற்று 950 டிகிரியைத் தொடலாம், டீசல் பெரும்பாலும் 800-ஐ ஒட்டி நின்றுவிடும். மேலும், குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரில் வைத்து முழுசாக மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து அதற்கு உண்டு. ஒரே அடியில் பிஸ்டன் உடைந்ததும் உண்டு. கியரைக் குறைங்க, சத்தம் வந்தால் வரட்டும்.

டீசலுக்குச் சிப் (எரிபொருளைக் கூட்டிப் பலத்தை ஏற்றுகிற கருவி) போடலாமா?

டிரெய்லர் இழுப்பவர் போட வேண்டாம். பெட்ரோலில் எரிபொருள் கொஞ்சம் கூடினால் சூடு குறையும், டீசலில் நேர்மாறு, கூடக் கூடச் சூடு ஏறும். கறுப்புப் புகையைப் பெருமையாகக் காட்டுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு அவர்களின் பிஸ்டன்தான் கண்ணில் தெரிகிறது.

ஏற்றம் முடிந்து பெட்ரோல் பங்கில் நிறுத்தினதும் உடனே ஆஃப் பண்ணலாமா அங்கிள்?

வேண்டாம்மா. ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலில் விடு. டர்போவின் ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில்தான் மிதக்கிறது, எஞ்சினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும், உள்ளே தங்கினது அந்தச் சூட்டில் கருகும். போன மாதம் ஒரு டர்போவைக் கழற்றினேன், அடிப்பிடித்த பாயசச் சட்டி கெட்டது, ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியும் வரவில்லை. ஆள் நல்லவர்தான், டீக்கு அவசரம்.

கோயில் காவடிக்கு தேரை என் மேனுவல் பக்கியில் கட்டி நடை வேகத்தில் இழுக்கிறோம். எஞ்சினுக்குக் கெடுதலா?

எஞ்சினுக்கு அது தூக்கத்தில் செய்கிற வேலை. பாவம் கிளட்ச்தான். பாதிக் கிளட்சில் ஊர்ந்தால் மதியத்துக்குள் வாசனை வரும், அது சாம்பிராணி இல்லை. நாலு சக்கரமும் இழுக்கிற (4x4) வண்டி என்றால் லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியர்) போட்டு, கிளட்சை முழுசாக விட்டுவிட்டு, ஃபர்ஸ்ட் கியரில் ஐடிலிலேயே விடுங்க. லோ ரேஞ்ச் இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் உறவுக்காரரைப் பிடிங்க.