படுதாவாகும் தேசங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இளம் பத்திரிகையாளன் டின்டின் நாடு நாடாகச் சுற்றும் சித்திரக்கதைகளை என் மகள் வரிசையாகப் படித்து வருகிறாள். காங்கோ கதையில் ஆப்பிரிக்கர்கள் கேலிப்பொருளாகவும், சீனக் கதையில் சீனர்கள் மதிப்புடனும் வருவதைக் கண்டு, “இரண்டையும் எழுதியவர் ஒருவர்தானா?” என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: ஒருவர்தான் என்று சொல்லுங்கள், நடுவில் அவர் ஒரு சீன மாணவரைச் சந்தித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1930-இல் காங்கோ கதையைத் தொடங்கியபோது பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜே அந்த நாட்டுக்குப் போனதே இல்லை. பெல்ஜியத்தின் காலனியான காங்கோவைப் பற்றித் தம்மைச் சுற்றி உலவிய எண்ணங்களையே அவர் வரைந்து வைத்தார். 1934-இல் டின்டினைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாக அறிவித்ததும், பெல்ஜியத்தில் படித்த சீன மாணவர்களோடு பழகிவந்த பாதிரியார் ஒருவர், கவனமாக எழுதும்படி அவருக்குக் கடிதம் எழுதினார். பிரஸ்ஸல்ஸில் சிற்பம் பயின்றுகொண்டிருந்த சீன மாணவர் சாங் சோங்ரென் ஹெர்ஜேயின் நண்பரானது அதன் பிறகுதான். ‘நீலத் தாமரை’ என்னும் அந்தச் சீனக் கதையின் தெருச் சுவர்களில் காணும் சீன எழுத்துகள் வெறும் கிறுக்கல் அல்ல, ‘ஏகாதிபத்தியம் ஒழிக’, ‘ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிப்போம்’ என்னும் நிஜமான முழக்கங்கள் அவற்றில் உண்டு. அவற்றை வாசிக்கத் தெரிந்த பெல்ஜியச் சிறுவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால், அதே கதையின் ஜப்பானிய வில்லனுக்கு வழக்கம்போல் எத்துப்பற்கள்தான். சாங்கைப் போல ஒரு ஜப்பானிய நண்பர் ஹெர்ஜேக்கு வாய்க்கவில்லை போலும்.

ஓவியரின் அறியாமையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. தொடர்கதை நாயகனுக்கு வயது ஏறுவதில்லை, குணமும் மாறுவதில்லை. ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் புதுமை சேர்க்க எளிதான வழி, நாடகக் கொட்டகையில் படுதாவை மாற்றுவதுபோல நாட்டை மாற்றுவதுதான். திரை விலகியதுமே இது இன்ன நாடு என்று சிறுவனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால், அவன் ஏற்கெனவே அறிந்த தலைப்பாகையும் ஒட்டகமும் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன.

கேள்வி: கோல் (பண்டைய பிரான்ஸ்) நாட்டு வீரன் ஆஸ்டெரிக்ஸின் சித்திரக்கதைகள் எல்லா நாட்டாரையும் கிண்டல் செய்கின்றனவே, அதுவும் தவறுதானா?

பதில்: அப்படி நான் நினைக்கவில்லை. 1966-இல் வந்த பிரிட்டன் கதையில், பிரிட்டானியர்கள் மாலை ஐந்து மணியானதும் போரை நிறுத்திவிட்டு வெந்நீர் குடிக்கப் போகிறார்கள். தேயிலை அவர்களுக்கு இன்னும் தெரியாது. பிரெஞ்சில் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் அடைமொழியை அவர்கள் ஆங்கில முறையில் முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். (அடைமொழி இயல்பாகவே முன்னால் வரும் நம் மொழியில் அந்த வேடிக்கை அப்படியே உதிர்ந்துவிடும்.) அண்டை வீட்டாரை உற்றுக் கவனித்தவரால்தான் இப்படிச் சிரிக்க முடியும், அழுகிய மீனுக்காக அடித்துக்கொள்ளும் சொந்தக் கிராமத்தாரையும் அந்தக் கதைகள் விட்டுவைப்பதில்லை. பிரான்சின் தேசிய நாயகனாகவே ஆகிவிட்ட இந்தக் கோல் வீரனைப் படைத்தவர்களுள் கொசினி, போலந்து யூத வம்சாவளியில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். உதெர்சோ இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் மகன். ‘நம் மூதாதையரான கோல்கள்’ என்று பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் சற்றே விலகி நின்று பார்த்துச் சிரித்ததில் வியப்பில்லை. ஆயினும் கடற்கொள்ளையர் கப்பலில் வரும் கறுப்பினக் காவலாளியின் தடித்த உதடுகளுக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

கேள்வி: திருத்திய பதிப்பை வாங்கிக் கொடுத்தால் போதாதா?

பதில்: எப்படித் திருத்தினார்கள் என்பதைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவின் நான்சி ட்ரூ, ஹார்டி பாய்ஸ் என்னும் சிறுவர் துப்பறியும் கதை வரிசைகளை 1959 முதல் திருத்தி எழுதியபோது, இழிவாகச் சித்திரிக்கப்பட்டிருந்த கறுப்பினப் பாத்திரங்களில் பலரைக் கதையை விட்டே நீக்கிவிட்டார்கள். காங்கோ கதையின் பழைய பதிப்பில், வகுப்பறையில் நிற்கும் டின்டின் ஆப்பிரிக்கச் சிறுவர்களிடம் “உங்கள் நாடான பெல்ஜியத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன்” என்கிறான். 1946-இன் வண்ணப் பதிப்பில் அது இரண்டும் இரண்டும் எத்தனை என்னும் கணக்குப் பாடமாகிவிட்டது. கரும்பலகைக்கு முன்னால் நிற்பவன் அதே டின்டின்தான்.