ஆன்டெனா பைப்பைத் தூக்கும் முன்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) தேர்வில் தேறி, உரிமமும் கால் சைனும் (எனக்கான அழைப்புக் குறியீடு) கைக்கு வந்துவிட்டன. 2 மீட்டர் பேண்டுக்கு (144 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை) 50 வாட் செட் வாங்கியிருக்கிறேன். மொட்டை மாடியில் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரை ஒட்டி 20 அடி ஜிஐ பைப் நிறுத்தி, அதன் தலையில் 8 அடி ஃபைபர்கிளாஸ் ஆன்டெனா வைக்கத் திட்டம். கேபிள் 20 மீட்டர் ஓடும். எந்தக் கேபிள் நல்லது? ரேடியோவுக்கென்று தனி எர்த் போட்டுவிட்டால் மின்னலுக்குப் பாதுகாப்புதானே? பி.கு.: சுவரிலிருந்து 12 அடி தள்ளி இபி லைன் போகிறது. பரவாயில்லையா?"

நீங்கள் பின்குறிப்பாகப் போட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அந்த இடம் வேண்டவே வேண்டாம்.

பைப் 20, ஆன்டெனா 8, ஆக 28 அடி. லைனோ 12 அடியில். காற்றில் சாய்ந்தால் கம்பி மேல்தான் விழும். காற்றை விடுங்கள், நட்டுவைக்கும் அன்றே ஆபத்து. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் பைப்பை நிமிர்த்தும்போது தலைக்கனத்தில் ஒரு பக்கம் இழுக்கும். அந்த நேரத்தில் யாரும் கையை விடமாட்டார்கள், இறுக்கித்தான் பிடிப்பார்கள். ஃபைபர்கிளாஸ் மின்சாரம் கடத்தாதே என்று நினைக்காதீர்கள். அந்தக் குழாய்க்குள்ளே இருப்பது உலோகக் கம்பி, கீழே இருப்பது இரும்பு பைப். 11 கேவி (11,000 வோல்ட்) லைனாக இருந்தால் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: பைப்பும் ஆன்டெனாவும் சேர்ந்த நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரமாவது லைனுக்கும் பைப்பின் அடிக்கும் இடையே இருக்க வேண்டும். உங்களுக்கு 42 அடி. வீட்டின் பின்பக்கம் மாடிப்படி அறை இருந்தால் அதன் சுவரில் கிளாம்ப் போட்டு 10 அடி பைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறையின் உயரம் சேர்வதால் ஆன்டெனாவின் உயரம் பெரிதாகக் குறையாது; கணக்கும் 27 அடிக்கு இறங்கிவிடும். பின் தெருவிலும் லைன் போகிறதா, உங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். எங்கே அளந்தாலும் தூரம் போதவில்லை என்றால் பைப்பே வேண்டாம், சின்ன ஆன்டெனா போதும்.

அடுத்து எர்த். தனி எர்த் என்றால் தனிப் பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்குப் பாயும். உப்பும் கரியும் போட்டு நிரப்பிய குழிக்கும் சில ஓம் தடை உண்டு. 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 3 லட்சம் வோல்ட். அந்தக் கணம் ரேடியோவின் எர்த் 3 லட்சத்தில் நிற்க, வீட்டு எர்த் தரையோடு தரையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் மேசை: ஒருபுறம் ஆன்டெனா கேபிள், மறுபுறம் பிளக்கில் செருகிய பவர் சப்ளை, நடுவே மைக்கைப் பிடித்த நீங்கள். பைப்புக்குக் குழி போடுங்கள், தவறில்லை. ஆனால் அதை வீட்டு எர்த்தோடு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால், வீட்டுக்கு வெளியிலேயே இணைத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறட்டும், சேர்ந்து இறங்கட்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்) போட்டு, அதையும் இதே எர்த்தில் கட்டுங்கள்.

அதற்கு முன் வீட்டு எர்த் உண்மையில் எர்த்தானா என்று பார்க்க வேண்டும். ஒரு நண்பர் வீட்டில் செட்டின் மீது கை வைத்ததும் சுரீர் என்றது. பிளக் பாக்ஸைக் கழற்றினால், எர்த் பின்னுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இரண்டு அங்குல வயர். வயரிங் செய்தவர் குழி வெட்டும் வேலையை அதில் முடித்துவிட்டார். நியூட்ரல் வேறு எங்கோ லூஸ்; அதனால் கரண்ட் செட்டுக்கும், கேபிள் வழியே மாடிப் பைப்புக்கும் ஏறியிருந்தது. மாடியில் அந்த ஆன்டெனா பைப்பில்தான் துணி காயப்போடும் கம்பி கட்டியிருந்தார்கள். ஈரத்துணியோடு போகிறவருக்கு என்ன ஆகும்! இதை டெஸ்ட் லேம்ப் காட்டிக்கொடுக்காது, பல்பு பளிச்சென்றுதான் எரியும். தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைத் தனியே பிரித்து அளக்கச் சொல்லுங்கள்.

இடி மழைக்கு பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. ஆன்டெனா கேபிள், கம்ப்யூட்டரோடு இணைத்த வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கேபிள் முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் விடும் பழைய வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. மேகத்திலிருந்து மைல் கணக்கில் தாவி வருவதற்கு பாட்டில் எம்மாத்திரம்? முனையை வெளியே எறிந்து எர்த்தில் மாட்டுங்கள். அதுவும் வானம் கறுக்கும்போதே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது கேபிளைத் தொடவே கூடாது.

கேபிள் கேள்விக்கு வருகிறேன். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் போட்டால் 20 மீட்டரில் 50 வாட்டில் ஏறக்குறைய 20தான் ஆன்டெனாவைச் சேரும். தடித்த ஆர்ஜி-213 என்றால் 33 வரை. கேபிள் டிவி வயர் 75 ஓம், செட்டுக்கு வேண்டியது 50 ஓம்; அதைப் போடாதீர்கள். ஜன்னலுக்குள் நுழையும் முன் கேபிளைத் தொட்டில் போலத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் அதன் வழியே உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.

செட் 13.8 வோல்ட்டில் 10, 12 ஆம்பியர் இழுக்கும். இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எடுப்பதாக இருந்தால் 15 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரி முனையிலேயே போடுங்கள், செட் பக்கம் அல்ல. இடையில் வயரை எலி கடித்தால் பற்றிக்கொள்வது அந்த வயர்தான்.

எல்லாம் மாட்டியதும் 5 வாட்டில் வைத்து எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) பாருங்கள். 1.5க்குள் இருந்தால் பவரை ஏற்றலாம். 2ஐத் தாண்டினால் பிடிடியை (பேசும்போது அழுத்தும் மைக் பொத்தான்) விட்டுவிட்டு கனெக்டரைத் திறந்து பாருங்கள்; என் அனுபவத்தில் பெரும்பாலும் சால்டரிங்தான் கோளாறு. ஆன்டெனா மாட்டாமல் ஒரு நொடிகூட பிடிடி அழுத்தாதீர்கள். நீங்கள் பேசும்போது ஆன்டெனாவிலிருந்து 3 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. வற்றல் காயவைக்கும் இடத்தை மாற்றும்படி வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.