துணி சுற்றாமல் ஒரு மணி நேரம்

நர்ஸம்மா பதில்கள்: பிரசவ வார்டிலும் பச்சிளம் குழந்தைகள் வார்டிலும் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அடுத்த மாதம் எனக்குச் சிசேரியன். முதல் பிள்ளை பிறந்தபோது துடைத்துச் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் கையில் கிடைத்தான். இந்த முறையாவது பிறந்ததும் நெஞ்சோடு போட்டுக்கொள்ள ஆசை. கேட்டால் டாக்டர் கோபப்படுவாரா? ஈரக் குழந்தைக்குக் குளிர் தாக்கிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, திண்டுக்கல்

தாராளமாகக் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் தியேட்டர் மேசையில் படுத்த பிறகு கேட்காதீர்கள். அடுத்த செக்கப்பிலேயே சொல்லி, சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், நர்ஸ் எல்லோரும் சேர்ந்தால்தான் இது நடக்கும். அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் நீங்கள் விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். கீழே தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே குழந்தையை நெஞ்சின் குறுக்கே படுக்க வைக்க இடமிருக்கிறது. ஈசிஜி ஒட்டுகளைத் தோள் பக்கம் தள்ளி ஒட்டச் சொன்னால் போதும். உங்கள் ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று குழந்தையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எடை பார்ப்பதெல்லாம் ஒரு மணி நேரம் கழித்து நடக்கட்டும். வைட்டமின் கே ஊசியைக்கூட உங்கள் மேல் கிடக்கும்போதே போட்டுவிடலாம்.

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஈரத்தோடு கிடக்கும் குழந்தை ஏசி அறையில் சட்டென்று குளிர்ந்துபோகும். அதனால்தான் முதலில் நன்றாகத் துடைத்து, ஈரத் துணியை எடுத்துவிட்டு, தலைக்குத் தொப்பி போட்டு, அம்மாவின் வெறும் மேனியில் கவிழ்த்துப் படுக்க வைத்து, முதுகின் மேல் காய்ந்த துணி போர்த்துகிறோம். அம்மா உடம்பின் சூடு நேராகக் குழந்தைக்குப் போகும். இடையில் ஒரு துணி வந்தாலும் அந்தச் சூடு குறையும். குளிப்பாட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். 24 மணி நேரமாவது போகட்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உடம்பில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு இல்லை, குழந்தையின் தோலுக்கு அதுதான் காப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாங்களும் உங்களுக்குச் செய்தது போலத்தான் செய்தோம். என்ன குழந்தை என்று காட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். தலையை மட்டும் திருப்பிக் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்த அம்மாக்களின் முகம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. பிறகு வந்த ஒரு டாக்டரம்மா, "எடுக்காதீங்க சிஸ்டர், அப்படியே விட்டுட்டுப் பாருங்க" என்றார். பார்த்தேன். வீறிட்டு அழுத பெண் குழந்தை, அம்மாவின் மேல் படுத்ததும் அடங்கியது. கொஞ்ச நேரம் அசைவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது. அப்புறம் தன் கையை நக்கியது. கையில் ஒட்டியிருந்த பனிக்குட நீரின் வாசனையும் மார்பின் வாசனையும் குழந்தைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு இரண்டு காலையும் உதைத்து, மேலே ஓர் அங்குலம் ஏறி, நின்று, மறுபடி ஏறி, யாரும் தொடாமலே தானாக மார்பைப் பிடித்தது. முக்கால் மணி நேரம் ஆனது. 20 வயதுகூட நிரம்பாத அந்தத் தாய் வாய்விட்டு அழுதாள். அதன் பிறகு அவசரம் இல்லாமல் நான் எந்தக் குழந்தையையும் பிரித்ததில்லை.

குழந்தை மூச்சுவிடத் திணறினாலோ, உங்களுக்கு ரத்தப்போக்கு அதிகமானாலோ முதலில் சிகிச்சைதான். அன்று நடக்காவிட்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். வார்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாலும் பால் சுரக்கும், குழந்தை அமைதியாகும்.

32 வாரத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். எடை 1,450 கிராம். மனைவி ரத்தக் கொதிப்பு அதிகமாகி ஐசியூவில் இருக்கிறாள். என்னைச் சட்டையைக் கழற்றிக் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்குக் கை நடுங்குகிறது. ஆண்கள் இதைச் செய்யலாமா?
– வாசகர், திருவாரூர்

செய்யலாம் தம்பி, இன்றைக்கே செய்யுங்கள். உங்கள் மகளுக்கு இப்போது அப்பாவும் நீங்கள்தான், அம்மாவும் நீங்கள்தான். நெஞ்சில் முடி இருக்கிறதே என்றுதான் எல்லா அப்பாக்களும் கேட்பார்கள். அதனால் ஒன்றும் ஆகாது. குளித்துவிட்டு வாருங்கள், நகத்தை வெட்டுங்கள், சென்ட், பவுடர் வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

சாய்வான நாற்காலியில் உட்காருங்கள். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட குழந்தையை நர்ஸ் உங்கள் நடு நெஞ்சில் நிமிர்த்தி வைப்பார். தவளை உட்கார்ந்திருப்பது போலக் கால்கள் மடங்கி விரிந்திருக்கும். முகம் ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசாகத் தூக்கியிருக்க வேண்டும். தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழல் மடங்கும். மேலே துணியால் அணைத்துக் கட்டுவார்கள். மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், கவனம் இதில்தான். செல்போனை வெளியே கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருங்கள், ஏனென்றால் எடுத்து எடுத்து வைப்பதுதான் குழந்தைக்கு அலுப்பு.

வசதி இல்லாத ஊருக்கான வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மகப்பேறு மருத்துவமனையில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எட்கர் ரே என்ற டாக்டர் குறைமாதக் குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சில் கட்டிவிட ஆரம்பித்தார். அதுதான் கங்காரு பராமரிப்பு. குழந்தையின் நிலைமை சீரான பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்று வெகு காலம் காத்திருந்தோம். பிறந்த உடனேயே தொடங்கினால் என்ன என்று டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் பார்த்தார்கள். உங்கள் மகளைப் போல ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இருந்தார்கள். முடிவு 2021-இல் வந்தது. பழைய முறையில் முதல் 28 நாளில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் இறந்தார்கள். உடனே நெஞ்சில் வைத்தபோது அது 12 ஆகக் குறைந்தது. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள் தம்பி. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றி, ஒரு நாளில் 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை, முடிந்த மட்டும் வைத்திருங்கள் என்றது.

கை நடுக்கம் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். மனைவி கண் விழித்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

குறைமாதக் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்வதை வீட்டுக்கு வந்த பிறகும் தொடரலாமா?
– வாசகி, ஓசூர்

தொடருங்கள். எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது குழந்தையே புழுங்கி, நெளிந்து, இறங்கப் பார்க்கும். அப்போது விட்டுவிடலாம். நெஞ்சில் வைத்தபடி சோஃபாவில் மட்டும் கண்ணயர்ந்துவிடாதீர்கள். தூக்கம் வந்தால் வீட்டில் விழித்திருக்கும் ஒருவரிடம் குழந்தையைக் கொடுத்துவிடுங்கள்.

பிறந்ததும் பெரியவர்கள் கையால் குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைப்பது எங்கள் வழக்கம். பேரனுக்கு வைக்க ஆஸ்பத்திரியில் விடவில்லை. மனசு கேட்கவில்லை.
– ஒரு பாட்டி, அருப்புக்கோட்டை

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது அம்மா. ஆனாலும் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். அதில் கிருமி போகும், குழந்தையின் பசியும் மந்தமாகிவிடும். முதலில் இறங்க வேண்டியது சீம்பால்தான். உங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. மருமகள் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டிருக்கும்போது, பார்க்க வரும் சொந்தபந்தத்தை வாசலிலேயே உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். மேலுக்குச் சட்டை இல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு நாலு பேர் வந்து போகிற அறையில் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்திலேயே பிள்ளையைச் சுற்றித் தொட்டிலில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்துப் போங்கள். கட்டிலைச் சுற்றித் திரை கட்ட ஆகும்.